விலை கூடின கிட்டாரா, சத்தம் கூடின கிட்டாரா?

எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் பேச்சு கடைசியில் விலையில் தான் போய் நிற்கும். யார் கையில் என்ன கம்பெனி, எத்தனை ஆயிரம், எந்த நாட்டில் செய்தது... இதை வைத்தே யார் வாசிப்பு உசத்தி என்பது வரைக்கும் முடிவு கட்டி விடுவார்கள். இந்தக் கணக்கில் முதலில் அடி வாங்குவது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகள் தான். துறைமுகத்துக்கும் கம்பெனிக்கும் கடலுக்கும் வேலைக்குப் போகிற வீடுகளில் முதல் கிட்டார் என்பது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். இல்லாவிட்டால் சர்ச்சில் வாசிக்கும் அண்ணனிடம் ஒரு நாள் இரவல்.

கல்லூரிக் கலைவிழா மேடையில் நடப்பதைப் பாருங்கள். நேரம் இல்லை என்று பல குழுக்களுக்கும் ஒரே டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் ப்ராசஸர், ஒரே வயர். முதலில் வாசிப்பவர் தன் கிட்டாருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் திருகி வைத்து வாசித்து விட்டுப் போகிறார். அடுத்தவர் வந்து அதே வயரில் தன் கிட்டாரைச் சொருகுகிறார். சத்தம் பொசுக்கென்று இறங்குகிறது. அல்லது, மெதுவாக மீட்ட வேண்டிய இடத்தில் கர்ரென்று உடைகிறது. முன் வரிசையில் யாராவது ஒருத்தர் சொல்வார், "கிட்டார் மட்டம் மச்சி". அவ்வளவு தான், தீர்ப்பு முடிந்தது. அந்தப் பையனும் அதை நம்பி, அடுத்த ஆறு மாதம் பார்ட் டைம் வேலை செய்து வேறு கிட்டார் வாங்கக் காசு சேர்ப்பான்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. மேடையில் எல்லோரும் கேட்டது தர வித்தியாசம் என்று நினைக்கிறார்கள். கேட்டது வெறும் அளவு வித்தியாசம். அதைச் சரி செய்ய சில நிமிடங்கள் போதும், பைசா செலவில்லை. அந்த நிமிடங்களைக் கொடுக்காமல் பையனின் கிட்டாரைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். ஒரே ஒரு சுருள் இருந்தால் அது சிங்கிள் காயில். 1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பது இது தான். மணி அடித்த மாதிரி பளிச்சென்று இருக்கும். ஆனால் அக்கம் பக்கத்து மின்சார இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டு வரும். இந்த இரைச்சலை ஒழிக்க கிப்சன் கம்பெனியின் பொறியாளர் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சேர்த்து, 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்குப் பெயர் ஹம்பக்கர். இரண்டு சுருளிலும் ஏறும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக் கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும்.

இதனால் ஹம்பக்கரிலிருந்து வரும் சிக்னல் பொதுவாகப் பெரிது. சிங்கிள் காயிலின் மின்தடை சுமார் 6 கிலோ ஓம் என்றால் சாதாரண ஹம்பக்கர் 8 கிலோ ஓம் பக்கம் இருக்கும். முரட்டு ராக் வாசிப்புக்கென்று செய்தது 14, 15 வரை கூடப் போகும். மின்தடை மட்டுமே சத்தத்தைத் தீர்மானிக்காது. என்ன காந்தம், கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதும் சேரும். ஆனாலும் இரண்டு கிட்டார்களுக்கு நடுவே வோல்டேஜில் இரண்டு மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். இரண்டு மடங்கு என்றால் 6 டெசிபெல்.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? கொத்தவால்சாவடி விலைக்கு வாங்கிய ஹம்பக்கர் கிட்டார், லட்ச ரூபாய் ஸ்ட்ராட்டோகாஸ்டரை விட சத்தமாக இருக்கும்! ஆகவே யார் கிட்டாருக்கு பேட்ச் செய்யப்பட்டதோ அவர் ஜெயிப்பார், அடுத்து வருகிறவர் தோற்பார். விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இங்கே காதும் சேர்ந்து ஏமாற்றும். ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவது தடவை ஒரு டெசிபெல் மட்டும் கூட்டி வைத்தால், "சத்தம் கூடிவிட்டது" என்று பெரும்பாலோர் சொல்ல மாட்டார்கள். "இது இன்னும் நல்லா இருக்கு" என்பார்கள். அதனால் தான் அனுபவமுள்ள ஒலிப்பொறியாளர்கள் சத்தத்தைச் சமமாக்காமல் இரண்டு ஒலிகளை ஒப்பிடவே மாட்டார்கள். 1 டெசிபெல்லுக்கே இந்தக் கதி என்றால், 6 டெசிபெல் வித்தியாசத்தில் நடக்கும் கலைவிழாப் போட்டியில் என்ன நியாயம் கிடைக்கும்?

இனி, சரி செய்வது எப்படி. பலரும் செய்யும் முதல் தப்பு, ப்ராசஸரின் கடைசியில் இருக்கும் வால்யூமைத் திருகுவது. சத்தம் சமமாகிவிடும், ஒலி சமமாகாது. காரணம் எளிது. ப்ராசஸருக்குள் இருக்கும் ஆம்ப், டிஸ்டார்ஷன் எல்லாம் உள்ளே வரும் சிக்னலின் அளவுக்குத் தகுந்த மாதிரி நடந்து கொள்பவை. சின்ன சிக்னல் வந்தால் சுத்தமாக இருக்கும், பெரிய சிக்னல் வந்தால் உடையும். உடைந்த பிறகு வால்யூமைக் குறைத்தால் உடைந்த ஒலி மெதுவாகக் கேட்கும், அவ்வளவு தான். கொதித்துப் பொங்கிய பாலை ஆற வைத்தால் பொங்கியது திரும்பி வருமா?

ஆகவே வாசலிலேயே சரி செய்ய வேண்டும். சங்கிலியில் ஆம்புக்கு முன்னால், முதல் இடத்தில் ஒரு ஈக்யூவையோ வால்யூம் பெட்டியையோ வைத்து, பெரிய சிக்னல் தரும் கிட்டாரைக் குறைக்கலாம், சின்ன சிக்னல் தருவதை ஏற்றலாம். சில கருவிகளில் இன்புட் அளவு என்றே தனியாக ஒரு செட்டிங் இருக்கும், அதுவும் இதற்குத் தான். அதற்கும் முன்னால் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். பிக்கப்பின் இரண்டு பக்கத்துத் திருகைத் திருப்பி, அதைக் கம்பியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கினாலே சத்தம் நன்றாகத் தெரியும்படி குறையும்.

கிட்டாரிலேயே இருக்கும் வால்யூம் குமிழைக் குறைத்தால் என்ன என்று கேட்கலாம். குறைக்கலாம். ஆனால் பல கிட்டார்களில் அப்படிக் குறைக்கும்போது உச்சத்தொனியும் கூடவே செத்துப் போகும். வயருக்கு ஒரு மின்தேக்கித் தன்மை உண்டு, மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபேரட். வால்யூம் குமிழின் தடையும் இதுவும் சேர்ந்து உச்ச ஒலியை வடிகட்டி விடும். மேடைக்காக நீள வயர் போட்டால் இன்னும் மோசம்.

அளவைச் சமமாக்கும்போது காதை நம்ப வேண்டாம். ஒரே கார்டை ஒரே வேகத்தில் இரண்டு கிட்டாரிலும் அடித்து, மிக்ஸரின் மீட்டரில் ஒரே உயரம் வருகிறதா என்று பார்த்தால் போதும். மீட்டர் இல்லாவிட்டால் கைபேசியில் சத்தம் அளக்கும் ஆப் போதுமானது. அது துல்லியமாக இல்லாவிட்டாலும் இரண்டையும் ஒரே மாதிரி தான் அளக்கும்.

அடுத்தது நாய்ஸ் கேட். சிங்கிள் காயில் கிட்டாரில் ஏறும் இரைச்சல் பெரும்பாலும் கரண்டிலிருந்து வருவது. இந்தியாவில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளும் சேர்ந்து ஹம்மென்று ஓடிக் கொண்டே இருக்கும். சீரியல் பல்பு, டிம்மர், பக்கத்திலேயே ஜெனரேட்டர் என்று இருக்கும் திருவிழா மேடையில் கேட்கவே வேண்டாம். இரைச்சலை அடைக்க நாய்ஸ் கேட்டை ஒருவர் இறுக்கி வைத்துவிட்டுப் போவார். அடுத்த கிட்டாரின் சிக்னல் சின்னது என்றால், நீண்டு ஒலிக்க வேண்டிய ஸ்வரத்தை அந்தக் கேட் பாதியிலேயே வெட்டி விடும். கேட்பவர்கள், பையனுக்கு விரலில் பலமில்லை என்று நினைப்பார்கள். வாசிப்பவன் மேல் விழும் பழிகளில் இது தான் ரொம்ப அநியாயமானது.

இரைச்சலைக் குறைக்கிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் பழக்கமும் உண்டு. தயவு செய்து வேண்டாம். 1972-ல் இங்கிலாந்துப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்சீ நகரத்து மேடையில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். உப்புக் காற்றும் வியர்வையும் ஈர விரல்களும் சேர்ந்த ஊரில் இந்த விளையாட்டு ஆகாது.

ஈக்யூ கடைசியில் தான் வர வேண்டும். அளவு சமமாகாமல் ஈக்யூவைத் தொட்டால், சத்தக் குறைவைத் தொனிக் குறை என்று நினைத்துக் கண்டபடி ஏற்றி விடுவோம். அளவு சமமான பிறகு பார்த்தால் வேலை பாதியாகி இருக்கும். ஹம்பக்கரில் அடி கொஞ்சம் தடிமனாக இருந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ் தான், அந்த இடத்தை பேஸ் கிட்டாருக்கு விட்டுக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சிங்கிள் காயில் மெலிந்து கேட்டால் 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைக் கொஞ்சம் ஏற்றலாம், காதைக் குத்தினால் 3, 4 கிலோ ஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்கலாம். கிட்டாரிலிருந்து வராத ஒலியை ஈக்யூவால் படைக்க முடியாது. ஹம்பக்கர் ஒரு கம்பியை இரண்டு இடத்தில் கேட்கிறது, அப்போது சில உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. போனது போனது தான்.

வட சென்னைக்கே உரிய இன்னொரு விஷயம் கடல் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையோரத்து வீட்டில் ஆணியில் மாட்டி வைத்த கிட்டாரின் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். துரு ஏறினால் முதலில் போவது பளிச்சென்ற உச்சத்தொனி. ஜாக்கில் பச்சை பூத்தால் சிக்னல் விட்டு விட்டு வரும். இப்படிப்பட்ட கிட்டாரையும் நேற்று கம்பி மாற்றிய கிட்டாரையும் பக்கத்தில் வைத்து மர வகை, கம்பெனி என்று ஆராய்ச்சி செய்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு தான் வரும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து உறைக்குள் வைப்பதும், சில நூறு ரூபாய்க்குப் புதுக் கம்பி போடுவதும் எந்த ப்ராசஸரை விடவும் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

ஹெட்போன் விஷயமும் இருக்கிறது. ஒட்டு ஒட்டான வீடுகளில் ராத்திரி ஆம்ப் போட முடியாது, ஹெட்போனில் தான் பேட்ச் செய்ய முடியும். 1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியபடி, மெதுவான சத்தத்தில் காது அடித்தொனியையும் உச்சத்தொனியையும் குறைத்துத் தான் கேட்கும். ராத்திரி மெதுவாகக் கேட்டு, போதவில்லை என்று இரண்டையும் ஏற்றி வைத்தால், மறுநாள் மேடையின் பெரிய பாக்ஸில் அது குமுகுமுவென்று முழங்கிக் காதையும் குத்தும். வீட்டில் செய்ததை நேராக மேடைக்குக் கொண்டு போகாமல், ஒரு தடவையாவது சத்தமாக வைத்துத் திருத்துவது நல்லது.

இப்போது இரண்டு ஆட்சேபங்கள் வரும். முதலாவது, "அப்படியென்றால் விலை உயர்ந்த கிட்டாருக்கு மதிப்பே இல்லையா?" நிச்சயம் உண்டு. சுருதி கலையாமல் நிற்பது, ஃப்ரெட் சீராக இருப்பது, கழுத்து வளையாமல் இருப்பது, கைக்கு இதமாக இருப்பது... இவை எல்லாம் காசுக்கு வருபவை. சுருதி கலைந்த கிட்டாரை எந்த ப்ராசஸரும் காப்பாற்றாது. ஆனால் இவற்றைக் கவனித்து யாரும் தீர்ப்பு சொல்வதில்லையே! சத்தத்தைக் கேட்டுத் தானே சொல்கிறார்கள்?

இரண்டாவது, "டிஜிட்டல் பெட்டி எல்லாம் போலி, வால்வ் ஆம்ப் தான் நிஜம்" என்பது. வால்வ் ஆம்பின் சுகம் தனி தான், மறுக்க வேண்டாம். ஆனால் அது பேச வேண்டுமானால் சத்தமாக வைக்க வேண்டும், தூக்கிச் செல்ல வண்டி வேண்டும். 1998-ல் லைன் 6 கம்பெனி சிவப்பு மொச்சைக் கொட்டை வடிவத்தில் பாட் என்ற பெட்டியைக் கொண்டு வந்த பிறகு, பல ஆம்ப்களின் ஒலி ஒரு பைக்குள் அடங்கியது. 2016-ல் வந்த பாஸ் ஜிடி-1 போன்ற சின்னப் பெட்டியில் கூட சொந்த பேட்ச் சேமிக்க 99 இடம் உண்டு. ஒரே பேட்சை நகல் எடுத்து, "சிங்கிள்" என்று ஒன்று, "ஹம்" என்று ஒன்று வைத்துக் கொள்ள இடமா இல்லை? பெரிய கலைஞர்கள் பாட்டுக்கு ஒரு கிட்டார் மாற்றுகிறார்கள் என்றால், மேடைக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு டெக்னீஷியன் இருக்கிறார். இங்கே அந்த டெக்னீஷியனின் வேலையை இந்த இரண்டு பேட்ச் செய்யும்.

சமமாக்குவது என்றால் ஒரே மாதிரி ஆக்குவது என்று அர்த்தம் இல்லை. ஸ்ட்ராட்டை லெஸ் பால் மாதிரி ஒலிக்க வைக்கப் பாடுபடுவது வீண். இரண்டும் ஒரே அளவில் நின்று, அது அது தன் குரலில் பேசினால் குழுவுக்கே லாபம். ஒரே குழுவில் இரண்டு கிட்டார் இருந்தால், தொனி வேறாக இருப்பது தான் நல்லது. அப்போது தான் எது ரிதம், எது லீட் என்று காதுக்குப் பிரிந்து கேட்கும்.

வட சென்னைக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு கானாவைப் பார்த்தாலே போதும். மேஜையிலும் தீப்பெட்டியிலும் பானையிலும் தாளம் போட்டு வளர்ந்த பாட்டு அது. கருவி என்ன விலை என்று அது கேட்டதே கிடையாது. அயோத்திதாசப் பண்டிதரின் "சாதியற்ற தமிழர்கள்" என்ற சொல்லாடலிலிருந்து பெயர் எடுத்த தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, பா. ரஞ்சித், இசையமைப்பாளர் டென்மா ஆகியோரின் முயற்சியில் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியது. சட்டி, கட்ட மோளம், பறையோடு எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் ஏறியது. அந்தக் குழுவில் பாடிய ராயபுரத்துப் பெண் இசைவாணி, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம் பிடித்தார். அதைப் பார்த்துவிட்டு கானாவுக்குக் கிட்டார் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

கானாவில் வார்த்தை தான் ராஜா. வார்த்தையில் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பது 2-லிருந்து 4 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தில். டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் வந்து உட்காருவதும் சரியாக அதே இடத்தில். கிட்டார் மாறும்போது 6 டெசிபெல் ஏறினால் பாடகரின் வார்த்தை மூழ்கும், இறங்கினால் கிட்டாரே இல்லாத மாதிரி ஆகும். சவுண்ட் சர்வீஸ்காரர் பாட்டு நடுவில் ஓடி ஓடித் திருத்திக் கொண்டிருக்க முடியாது. மக்கள் தங்கள் சாவையும் சிரிப்பையும் கோபத்தையும் சொல்லும் பாட்டில் ஒரு வரி கேட்காமல் போனால், நஷ்டம் கிட்டார் வாசித்தவருக்கு மட்டும் இல்லை.

ஆகவே கலைவிழா நடத்துகிறவர்கள் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். ஒவ்வொரு கிட்டார் மாறும்போதும் இரண்டு நிமிடம் லைன் செக் கொடுங்கள், ஒரு கார்டு அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள், பிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். போட்டி என்றால் இது சலுகை ஆகாது, அடிப்படை விதி. ஓட்டப் பந்தயத்தில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது போலத் தான். புதுக் கிட்டாருக்குக் காசு சேர்த்துக் கொண்டிருப்பவர்களும், முதலில் கம்பியை மாற்றி, பிக்கப்பை இறக்கி ஏற்றி, பேட்சை வாசலிலிருந்து சரி செய்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் கிட்டார் போதவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம். அப்போது தான் எதற்காக வாங்குகிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.